மொட்டைக் கேள்விக்கு எத்தனை விடை?

உலகின் மிகப் பெரிய ஏரி எது? வினாடி வினா மேடையில் இதைக் கேட்டால் நான்கு அணிகள் நான்கு விடை சொல்லலாம். நான்கில் எதையும் சட்டென்று தவறு என்று தள்ளிவிட முடியாது.

காஸ்பியன் என்று சொல்கிறவர் பரப்பளவைப் பார்க்கிறார். சுமார் 3,71,000 சதுர கிலோமீட்டர். வேறெந்த ஏரியும் அதன் கிட்டவே வராது. ஆனால் அதன் தண்ணீர் உப்பு, பெயரிலேயே கடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கஜகஸ்தானின் அக்தாவ் நகரில் கரையோர நாடுகள் ஐந்தும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்கூட அதை ஏரி என்றும் சொல்லவில்லை, கடல் என்றும் சொல்லவில்லை. பொதுவாக ‘நீர்ப்பரப்பு’ என்று எழுதி, அதற்கென்று தனி விதிகளை வகுத்துக்கொண்டது. நன்னீர் ஏரிதான் கணக்கு என்றால் வட அமெரிக்காவின் சுப்பீரியர், சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று பார்த்தால் சைபீரியாவின் பைக்கால்: ஏறத்தாழ 23,600 கன கிலோமீட்டர், ஆழம் 1,642 மீட்டர். நான்காவது அணி கொஞ்சம் விவரமானது. மிச்சிகனும் ஹூரானும் மாக்கினாக் நீரிணை வழியாக இணைந்து ஒரே நீர்மட்டத்தில் நிற்கின்றன, நீரியல் கணக்கில் இரண்டும் ஒரே ஏரி, சேர்த்தால் 1,17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆகவே சுப்பீரியரைவிடப் பெரியது என்று அது வாதாடும். அந்த வாதத்தில் ஓட்டை கிடையாது.

இப்படி அளவுகோலைச் சொல்லாமல் விட்ட கேள்வியை மொட்டைக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். பொதுஅறிவுப் போட்டிகளில் எழும் சச்சரவுகளில் பெரும்பங்கு இதிலிருந்துதான் கிளம்புகிறது. இரண்டு தரப்புக்கும் தகவல் தெரியும். கேள்வி எதைக் கேட்டது என்பதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு கைபேசியை எடுத்துத் தேடினாலும் தீராது, ஏனென்றால் இருவருக்குமே ஆதாரம் கிடைத்துவிடும். கேள்வித்தாளை எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிப்பதுதான் முதல் வேலை.

உயரம், நீளம், பரப்பு

‘மிக’ என்ற சொல் வரும் கேள்வி எல்லாமே சந்தேகத்துக்குரியது. மிக உயரமான மலை எது என்றால் எவரெஸ்ட் என்பது அனிச்சையாக வரும் விடை. நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த அளவு. பூமி முழு உருண்டையாக இல்லை. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது ஈக்வடாரின் சிம்போராசோ. அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து 6,263 மீட்டர்தான். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ அதன் உச்சி 6,384.4 கிலோமீட்டரில் இருக்கிறது, எவரெஸ்ட் உச்சி 6,382.3 கிலோமீட்டரில். அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளப்பதுதான் நியாயம் என்றால் ஹவாயின் மௌனா கேயா முந்தும். கடலுக்கு வெளியே தெரிவது 4,207 மீட்டர். கடலடித் தரையிலிருந்து கணக்கிட்டால் 10,000 மீட்டரைத் தாண்டும்.

மலையில் அளவுகோல் மாறுகிறது என்றால், ஆற்றில் அளக்கத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமுமே மாறும். நைல் 6,650 கிலோமீட்டர், அமேசான் 6,400 என்பது பாடப்புத்தகக் கணக்கு. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் அமேசானுக்குச் சுமார் 6,990, நைலுக்குச் சுமார் 6,850 என்று வேறு கணக்குச் சொன்னது. ஆண்டிஸ் மலையில் எந்த ஓடையை ஊற்றுக்கண்ணாக எடுப்பது, முகத்துவாரத்தில் இருக்கும் மரஜோ தீவின் வடக்குக் கால்வாயா தெற்குக் கால்வாயா என்று முடிவு செய்வதிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூடும் குறையும். அளக்கும் கோல் சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு வளைவும் கணக்கில் சேர்ந்து நீளமும் ஏறிக்கொண்டே போகும். ‘உலகின் நீளமான ஆறு’ என்பதை நேரடிக் கேள்வியாகப் போடவே கூடாது.

பரப்பளவிலும் இதே சிக்கல் உண்டு. உலகின் இரண்டாவது பெரிய நாடு கனடா என்பது ஏரிகளையும் சேர்த்த கணக்கு. நிலத்தை மட்டும் எடுத்தால் கனடா சுமார் 90.9 லட்சம் சதுர கிலோமீட்டரோடு சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் பின்னால், நான்காவது இடத்துக்குப் போய்விடும். மிகப் பெரிய பாலைவனம் எது என்றால் சஹாரா என்பார்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழையோ பனியோ விழும் இடம் பாலைவனம் என்ற வரையறையை வைத்தால் அண்டார்டிகாதான் பெரியது: சுமார் 140 லட்சம் சதுர கிலோமீட்டர், சஹாரா 92 லட்சம். ‘வெப்பப்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்திருந்தால் வம்பே இல்லை.

வரையறுத்தது யார்?

தக்காளி பழமா, காய்கறியா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1883ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு விலக்கு. தக்காளி தாவரவியலில் பழம் என்பதால் வரி கட்டமாட்டோம் என்று வணிகர்கள் வாதாடினார்கள். 1893இல் வந்த தீர்ப்பு, தாவரவியல் எப்படிச் சொன்னாலும் மக்கள் பேச்சிலும் சமையலிலும் அது காய்கறிதான், வரி கட்டு என்றது. நீதிமன்றம் தாவரவியலை மறுக்கவில்லை. இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று மட்டும் முடிவு செய்தது. வினாடி வினா நடுவரின் வேலையும் இதுதான்.

நாடுகளை எண்ணும்போதும் இதே கதை. ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடுகள் 193; வத்திக்கானும் பாலஸ்தீனமும் பார்வையாளர்கள். சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பில் 211 உறுப்பினர்கள். ஒலிம்பிக் இயக்கத்தில் 206 தேசியக் குழுக்கள். உலகில் எத்தனை நாடுகள் என்று கேட்டால் எந்தப் பட்டியல் என்று திருப்பிக் கேட்கும் அணிதான் நன்றாகத் தயாரித்த அணி. நோபல் பரிசு எத்தனை துறைகளில்? ஆல்ஃபிரட் நோபலின் உயில்படி ஐந்து. பொருளாதாரப் பரிசை ஸ்வீடனின் மத்திய வங்கி 1968இல் அவர் நினைவாக ஏற்படுத்தியது, 1969இல்தான் முதலில் கொடுத்தார்கள். ஐந்து என்று சொன்னவருக்கும் ஆறு என்று சொன்னவருக்கும் ஆதாரம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தலைநகரக் கேள்விகள் சுலபம் போலத் தெரிந்து காலை வாரும். தென்னாப்பிரிக்காவில் நிர்வாகத்துக்குப் பிரிட்டோரியா, நாடாளுமன்றத்துக்குக் கேப் டவுன், நீதித்துறைக்கு ப்ளூம்ஃபோன்டைன். பொலிவியாவின் அரசமைப்பு சுக்ரேயைத் தலைநகர் என்கிறது, அரசாங்கமோ லா பாஸில் நடக்கிறது. நெதர்லாந்தில் தலைநகர் ஆம்ஸ்டர்டாம், அரசு உட்கார்ந்திருப்பது ஹேக்கில். சுவிட்சர்லாந்து இன்னும் விசேஷம்: சட்டப்படி அதற்குத் தலைநகரே கிடையாது, பெர்ன் ‘கூட்டாட்சி நகரம்’ மட்டுமே. இதை வைத்து ‘பெர்ன் தவறு’ என்று மதிப்பெண் குறைக்கும் நடுவர்களும் இருக்கிறார்கள். அது குதர்க்கம். கேள்வியில் ‘சட்டப்படி’ என்று இல்லாதபோது பெர்னை ஏற்கத்தான் வேண்டும்.

தேதி போடாத கேள்வி

சில விடைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதிகத் துணைக்கோள்கள் உள்ள கோள் எது என்ற கேள்வியைப் பாருங்கள். நெடுங்காலம் வியாழன். 2019 அக்டோபரில் 82 துணைக்கோள்களோடு சனி முந்தியது. 2023 பிப்ரவரியில் வியாழன் 92ஐத் தொட்டு மறுபடி முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு மே மாதம் சனி அதைத் தாண்டி ஓடியது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆகிவிட்டது. பழைய கேள்வித் தொகுப்பிலிருந்து இதை அப்படியே எடுத்துப் போட்டால், எந்த மாதம் எழுதிய தொகுப்பு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கஜகஸ்தானின் தலைநகர் 2019இல் நூர்சுல்தான் ஆகி, 2022இல் திரும்பவும் அஸ்தானா ஆனது. நடுவில் அச்சான அட்லஸ்களில் நூர்சுல்தான்தான் இருக்கும். அமெரிக்காவுக்குக் கூட்டாட்சி அளவில் அலுவல் மொழி இல்லை என்பது கொக்கி போடும் கேள்விகளில் பிரசித்தமானது. 2025 மார்ச் 1 அன்று அதிபரின் ஆணை ஆங்கிலத்தை அலுவல் மொழி என்று அறிவித்த பிறகு அந்தக் கொக்கியும் முறிந்தது. தனிநபராக இரண்டு முறை நோபல் பெற்றவர்கள் 2022 வரை நால்வர்: மேரி கியூரி, லைனஸ் பாலிங், ஜான் பார்டீன், ஃப்ரெடரிக் சாங்கர். அந்த ஆண்டு பேரி ஷார்ப்லெஸ் ஐந்தாமவராகச் சேர்ந்தார். ‘தனிநபர்’ என்று சொல்லாவிட்டால் 1917, 1944, 1963 என மூன்று முறை அமைதிப் பரிசு வாங்கிய செஞ்சிலுவைச் சங்கம் குறுக்கே வந்து நிற்கும்.

இதைவிட நுட்பமான தேதிச் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று, இறந்தார்கள் என்று பல தொகுப்புகளில் இருக்கும். ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1616இல் இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, அடக்கம் செய்யப்பட்டது 23 என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது. தேதி ஒன்று, நாள் வேறு.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இந்த வகைதான். கலிலியோ இறந்தது இத்தாலியக் கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது ஆங்கிலேயக் கணக்கில் 1642 டிசம்பர் 25. இரண்டையும் கிரிகோரியனுக்கு மாற்றினால் நியூட்டன் பிறப்பு 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனுக்கு மாற்றினால் கலிலியோ மறைவு 1641 டிசம்பர் 29. எந்த ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தாலும் ஆண்டுகள் ஒத்துப்போகாது, கலந்தடித்தால் மட்டுமே ஒத்துப்போகும்! கேள்வி தயாரிப்பவர் 1752க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதியையோ 1918க்கு முந்தைய ரஷ்யத் தேதியையோ தொட்டால், எந்த நாட்காட்டி என்று பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7இல் நடந்ததற்கும் காரணம் இதே.

‘முதலில் கண்டுபிடித்தவர்’

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் கிரஹாம் பெல் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அன்டோனியோ மெயூச்சி 1871லேயே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் முன்னறிவிப்பு மனு கொடுத்திருந்தார். அது புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் விண்ணப்பமும் எலிஷா கிரேயின் முன்னறிவிப்பு மனுவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. 2002 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மெயூச்சியின் பங்களிப்பைப் போற்றித் தீர்மானம் போட்டது. பத்தே நாளில் கனடா நாடாளுமன்றம் பெல்தான் கண்டுபிடித்தார் என்று பதில் தீர்மானம் போட்டது. இரண்டு நாடாளுமன்றங்களே மல்லுக்கு நிற்கும் விஷயத்தில் ஒற்றை வரிக் கேள்வி எப்படி நிற்கும்?

இங்கே வழி இருக்கிறது. கண்டுபிடிப்பைக் கேட்காமல் ஆவணத்தைக் கேட்க வேண்டும். 1876 மார்ச்சில் வழங்கப்பட்ட, 174465 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றவர் யார் என்றால் பெல் மட்டுமே விடை. விமானத்துக்கும் இப்படித்தான். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்ததையும், 1906இல் பாரிஸில் சாண்டோஸ் டுமோன் பொதுமக்கள் கண்ணெதிரே பறந்ததையும் ஆண்டோடும் இடத்தோடும் கேட்டால் சண்டை எழாது.

கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பொய்

மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்? விவிலியக் கதை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ‘இரண்டு’ என்பார்கள். பேழை கட்டியவர் நோவா என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எரிக்சன், மாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மனம் கேள்வியின் பொருளைத் தோராயமாகப் பொருத்திப் பார்த்துவிட்டு விடையைத் தேட ஓடிவிடுகிறது. நோவாவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய பெயர் என்பதால் மோசே நழுவி உள்ளே போய்விடுகிறார். சம்பந்தமே இல்லாத ஓர் அரசியல்வாதியின் பெயரைப் போட்டால் உடனே பிடித்துவிடுவார்கள்.

இந்த உத்தியை வேண்டுமென்றே போட்டியில் பயன்படுத்தலாமா? விளையாட்டுச் சுற்றில் தாராளமாக. மதிப்பெண் போகும் சுற்றில் கூடாது. கேட்பவர் சொல்வது உண்மை என்ற நம்பிக்கையில்தான் அணிகள் விடை தேடுகின்றன. அந்த நம்பிக்கையை ஒருமுறை உடைத்தால் அடுத்த கேள்வி ஒவ்வொன்றிலும் ‘இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது’ என்று தயங்கிப் போட்டியே இழுபடும்.

வேண்டுமென்றே இல்லாமலும் பொய் நுழையும். 2006இல் பிரிட்டனின் ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியில் ஒரு தம்பதிக்கு வந்த பத்து லட்சம் பவுண்டு கேள்வி: லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தால் அமெரிக்காவின் குறிக்கோள் வாசகம் எது? எதிர்பார்த்த விடை, நாட்டு முத்திரையில் உள்ள ‘பலவற்றிலிருந்து ஒன்று’. தம்பதி சொன்னது ‘கடவுளை நம்புகிறோம்’. 5 லட்சத்தில் நின்றவர்கள் 32,000க்கு விழுந்தார்கள். ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவின் அதிகாரபூர்வ வாசகம் அவர்கள் சொன்னதுதான். அது லத்தீனிலிருந்து வந்ததல்ல. கேள்வியின் முதல் பாதி ஒரு விடைக்கும், இரண்டாம் பாதி இன்னொரு விடைக்கும் இழுக்கிறது. நிகழ்ச்சிக்காரர்கள் கேள்வி குழப்பமானது என்று ஒப்புக்கொண்டு அவர்களை மீண்டும் அழைத்தார்கள். ‘நாட்டு முத்திரையில் உள்ள லத்தீன் வாசகத்தின் பொருள்’ என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

அச்சில் இருக்கிறதே!

ஆட்சேபம் சொல்பவர்களின் கடைசி ஆயுதம் இது. அச்சில் இருப்பது எப்படி அங்கே வந்தது என்பதற்கு ஓர் அருமையான வழக்கு உண்டு. ஃப்ரெட் வொர்த் என்பவர் தொகுத்த பொதுஅறிவுக் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ஃபிலிப் என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே நட்டுவைத்தார். யாராவது திருடினால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது திட்டம். ‘ட்ரிவியல் பர்ஸ்யூட்’ அட்டை விளையாட்டில் அந்த ஃபிலிப் அப்படியே வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். களஞ்சியத்தைப் பயன்படுத்தியதை விளையாட்டுக்காரர்கள் மறுக்கவில்லை. இருந்தும் வழக்கு நிற்கவில்லை: தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொடரில் காட்டப்பட்ட அடையாள அட்டையில் இருந்த பெயர் ஃப்ராங்க். ஃபிலிப்போ இன்றும் ஆங்காங்கே உலவுகிறது.

2009இல் ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்ற புதிய அமைச்சரின் நீண்ட பெயர்வரிசையில் யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் ‘வில்ஹெல்ம்’ என்று ஒன்றைச் செருகினார். பத்திரிகைகள் அதைப் பார்த்து அச்சிட்டன. பிறகு விக்கிப்பீடியாவில் சந்தேகம் எழுந்தபோது அந்தப் பத்திரிகைகளே ஆதாரமாக நின்றன. ஆதாரம் எத்தனை என்று எண்ணுவதால் பயனில்லை. அவை எங்கிருந்து எடுத்தன என்று பின்னோக்கிப் போக வேண்டும். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்ற கூற்று மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே அச்சில் இருந்தது. அப்போது யார் போய்ப் பார்த்தார்கள்? 2003இல் சுற்றுப்பாதைக்குப் போன சீன விண்வெளி வீரர் யாங் லிவெய் தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்றார். நிலவு அந்தச் சுற்றுப்பாதையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் தொலைவில் இருக்கிறது.

கேள்வியை இறுக்கும் முறை

விடையை முதலில் எழுதி, பிறகு கேள்வியைக் கட்ட வேண்டும். எழுதி முடித்ததும் கேள்வியிடம் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்: எந்த அளவில், எந்தத் தேதி நிலவரப்படி, யார் வகுத்த வரையறையில், எந்த எல்லைக்குள். எல்லாவற்றுக்கும் கேள்வியில் பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. எதற்குப் பதில் இல்லாவிட்டால் இரண்டாவது விடை முளைக்குமோ அதற்கு மட்டும் இருந்தால் போதும். பூமிக்கு அருகிலுள்ள கோள் எது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நெருங்கி வருவது வெள்ளி, சுமார் 4 கோடி கிலோமீட்டர் வரை. ஆண்டுக்கணக்கில் சராசரித் தொலைவைப் பார்த்தால் புதன்தான் அருகில்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 1.04 மடங்கு, வெள்ளிக்கு 1.14 மடங்கு. வெள்ளி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் வெகுதூரம் விலகிவிடுகிறது என்பதே காரணம். இங்கே ‘மிக நெருங்கும்போது’ என்ற இரண்டு சொல் அவசியம். ‘சராசரியாக’ என்று போட்டால் அது வேறு கேள்வி, கடினமான கேள்வி, நல்ல கேள்வியும்கூட.

பிறகு எதிர்த்திசையில் சோதிக்க வேண்டும். உங்கள் விடை சரி என்பதற்கு ஆதாரம் தேடுவதை நிறுத்திவிட்டு, அடுத்த நெருங்கிய விடை ஏன் தவறு என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். சுப்பீரியர் ஏன் தவறு என்று எழுத முடியவில்லை என்றால் உங்கள் கேள்வியும் நிற்காது. பத்து நிமிட வேலை, மேடையில் அரை மணி நேரச் சண்டையை மிச்சப்படுத்தும்.

இறுக்கும் சொல்லை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பஸ்ஸர் சுற்றில் அணி பாதியிலேயே அழுத்திவிடும். ‘உலகின் மிகப் பெரிய ஏரி எது, நன்னீர் ஏரிகளில்?’ என்று கட்டினால், ‘ஏரி’யிலேயே அழுத்திக் காஸ்பியன் என்று சொன்ன அணிக்கு மதிப்பெண் மறுப்பது அநியாயம். ‘நன்னீர் ஏரிகளில், பரப்பளவில்’ என்று ஆரம்பிக்க வேண்டும். அதே நேரம் எல்லா ஓட்டையையும் அடைக்கிறேன் என்று நாற்பது சொல்லுக்கு இழுத்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும். 20, 25 சொல்லுக்குள் அடங்காத கேள்வியை மேடையில் வாசிக்க வேண்டாம், எழுத்துச் சுற்றுக்குத் தள்ளுங்கள். அல்லது நான்கு விருப்பங்களைக் கொடுத்துவிடுங்கள். நைலும் அமேசானும் ஒரே பட்டியலில் வராதபடி பார்த்துக்கொண்டால் ஆற்றுக் கேள்வியைக்கூடப் பயமின்றிக் கேட்கலாம்.

விடைக்குறிப்பில் ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், ஏற்கலாம், மேலும் கேள், தள்ளு என்று மூன்று குறிப்புகள் வேண்டும். 1911இல் வேதியியல் நோபல் பெற்றவர் மேரி கியூரி. ‘கியூரி’ என்று மட்டும் சொன்னால் ‘முழுப்பெயர்?’ என்று கேட்க வேண்டும், ஏனென்றால் கணவர் பியரும் மகள் ஐரீனும்கூட நோபல் வாங்கியவர்கள். ‘மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா’ என்றால் ஏற்க வேண்டும். ஐன்ஸ்டைன் எந்த ஆண்டு நோபல் பெற்றார் என்றால் 1921ஆம் ஆண்டுக்கான பரிசு 1922இல்தான் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் ஏற்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்காத நடுவர் மேடையில் விழிப்பார்.

கேள்விகளை இரண்டு விதமானவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். விஷயமே தெரியாத ஒருவர் வாசிப்பில் எங்கே தடுக்குகிறது என்று காட்டுவார். அளவுக்கு மீறித் தெரிந்த ஒருவர் எங்கே உடையும் என்று காட்டுவார். இரண்டாமவர் கேள்வியை உடைத்தால் கோபப்படாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள். 40 கேள்விக்கு அதே கடினத்தில் நாலைந்து உபரிக் கேள்விகளாவது கையில் இருக்க வேண்டும்.

ஆட்சேபம் வந்தால்

விதியைப் போட்டிக்கு முன்பே வாசித்துவிட வேண்டும்: ஆட்சேபம் அணித் தலைவரிடமிருந்து மட்டும், அடுத்த கேள்வி வாசிக்கப்படுவதற்கு முன், முடிவு சொல்வது ஒரே ஒருவர். மூன்று பேர் கூடிப் பேசி மேடையில் முடிவெடுப்பது போல அலங்கோலம் வேறில்லை.

நடுவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கேள்வியின் சொற்கள் இரண்டு விடைக்கும் இடம் தருகின்றனவா? அப்படியானால் இரண்டையும் ஏற்க வேண்டும். ‘நான் நினைத்தது வேறு’ என்பது காரணமே ஆகாது. கேள்விக்குள் பொய் இருக்கிறதா? ரத்து செய்து உபரிக் கேள்வி. சொற்கள் தெளிவாக இருந்து அணி கவனிக்காமல் விட்டதா? தீர்ப்பில் மாற்றமில்லை.

ரத்து செய்வது சொல்வதற்கு எளிது. ஒரு அணியிலிருந்து அடுத்த அணிக்குக் கேள்வி பாஸ் ஆகும் சுற்றில், முதல் அணியின் சரியான விடையைத் தவறு என்று தள்ளிவிட்டால், அது அடுத்தடுத்த அணிகளுக்குப் போய் யாரோ ஒருவர் மதிப்பெண் எடுத்துவிடுகிறார். அடுத்த நேரடிக் கேள்வி யாருக்கு என்பதும் அதோடு மாறிவிடுகிறது. ஐந்து கேள்வி கழித்துத் திருத்தினால் வரிசை முழுவதையும் பின்னோக்கி உருட்ட வேண்டும், அது நடக்காத காரியம். அடுத்த கேள்விக்கு முன் ஆட்சேபம் என்ற கெடுவுக்கு இதுதான் காரணம். எழுத்துச் சுற்றில் இந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் எழுதியிருப்பதால் பிறகும் நிதானமாகத் திருத்தலாம்.

எழுத்துத் தேர்வில் தவறான கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் போடுவதா, கேள்வியையே நீக்குவதா என்று காரசாரமாகப் பேசுவார்கள். தரவரிசைக்கு இரண்டும் ஒன்றே: அனைவருக்கும் ஒன்று கூட்டினாலும் ஒருவருக்கும் கூட்டாவிட்டாலும் இடைவெளி மாறாது. தேர்ச்சி மதிப்பெண் நிலையாக இருக்கும்போதுதான் வித்தியாசம். எழுத முயன்றவர்களுக்கு மட்டும் மதிப்பெண் என்று முடிவு செய்தால் கதை வேறு. தவறு விடைக்குக் கழிக்கும் தேர்வில் கேள்வியின் ஓட்டையைக் கண்டுபிடித்து ஜாக்கிரதையாக விட்டவர்தான் அடிபடுவார். நன்றாகப் படித்தவருக்குத் தண்டனை கொடுக்கும் விதி அது.

ஆட்சேபம் சொல்லப்போகிறவருக்கும் ஒரு முறை இருக்கிறது. ‘உங்கள் விடை தவறு’ என்று தொடங்கினால் நடுவர் இறுகிவிடுவார். ‘கேள்வியில் பரப்பளவு என்று இல்லை, கொள்ளளவின்படி பைக்கால்’ என்று விடுபட்ட அளவுகோலை மட்டும் சுட்டினால் போதும். தேடுபொறி முதல் வரியில் காட்டும் சுருக்கத்தையோ செயற்கை நுண்ணறிவுக் கருவி சொன்னதையோ நீட்ட வேண்டாம். அவை பெரும்பாலும் அந்த மொட்டைக் கேள்விக்குப் புழக்கத்தில் இருக்கும் விடையைத்தான் திருப்பிச் சொல்கின்றன. சட்டம் என்றால் சட்ட வாசகம், பரிசு என்றால் பரிசளிக்கும் அமைப்பின் பட்டியல், அதுதான் செல்லுபடியாகும்.

கடைசியாகச் சமநிலை முறிக்கும் கேள்வி. இரு அணிகள் சமமாக முடிந்தால், ஓர் எண்ணைக் கேட்டு நெருங்கிய விடைக்கு வெற்றி தருவது வழக்கம். ஆற்றின் நீளத்தை இங்கே கேட்பது தற்கொலை. ஈஃபிள் கோபுரத்தின் உயரமும் ஆகாது. 2022இல் புதிய அலைவாங்கி பொருத்தியதும் 324 மீட்டர் 330 ஆகிவிட்டது. ஐ.நா. சாசனத்தில் எத்தனை பிரிவுகள் என்பது போல ஆவணத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய எண்தான் தோது. விடை 111. ஒரு அணி 101, இன்னொரு அணி 121 என்று எழுதிக் கொடுத்தால் இரண்டும் சம தூரம். அப்போது குறைவாகச் சொன்னவருக்கா, முதலில் தாளைக் கொடுத்தவருக்கா என்பதைக் கேள்வியை வாசிப்பதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.